மண்மேட்டுத் தெருவில் ஆள் இல்லை

அரசாங்க வேலையில் புதிதாகச் சேர்ந்தவனைப்போல ஆபத்தான பிராணி கிடையாது. பழைய ஆட்களுக்கு எந்த உத்தரவை எந்த இடத்தில் கண்டுகொள்ளாமல் விடவேண்டும் என்று தெரியும். புதியவன் எல்லாவற்றையும் அப்படியே செய்து தொலைப்பான். நானும் செய்து தொலைத்தேன். ஒரு தெருவையே, அதில் குடியிருந்த பிள்ளை குட்டிகளோடு சேர்த்து, பேனாவால் இல்லாமல் ஆக்கினேன். (கத்தியை எடுத்திருந்தால் போலீஸாவது வந்திருக்கும். பேனா என்பதால் பாராட்டு வந்தது.)

அறுபதுகளின் கடைசி. திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பட்டமும் இரண்டு வெள்ளைச் சட்டையுமாக விருத்தாசலத்தில் வந்து இறங்கியிருந்தேன். தற்காலிகக் கணக்கெடுப்பாளர் வேலை. எங்கள் பிரிவுக்குத் தலைவர் வரதராஜன் சார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். சேர்ந்த அன்றே என்னை எதிரே உட்காரவைத்து, "இந்த ஊர்ல இதுவரைக்கும் தெருக்குழாய் எப்படிப் போட்டாங்க தெரியுமா? எந்தப் பெரிய மனுஷன் வீட்டு வாசல்னு பாத்துப் போட்டாங்க. இனிமே அது நடக்காது. ஜனங்க எங்க இருக்காங்க, தண்ணிக்கு யாரு ரொம்ப தூரம் நடக்கறாங்கன்னு கணக்கெடுத்து அங்கதான் போடப்போறோம். நீ கொண்டுவர்ற ஆதாரம்தான் முடிவு பண்ணும்" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அவர் சொன்னது இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆதாரத்தைக் கொண்டுவர அனுப்பிய ஆள்தான் சரியில்லை.

அந்த வருஷம் ஒரே ஒரு இடத்துக்குத்தான் குழாயை நீட்ட முடியும் என்றார்கள். போட்டியில் இரண்டு தெருக்கள். ஒன்று, ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த தெரு. இன்னொன்று, ரயில் பாதைக்கு அந்தப்புறம், பீங்கான் வேலைக்காரர்கள் குடியிருந்த மண்மேட்டுத் தெரு. கம்பெனிகளுக்காக வந்து இறங்கும் வெள்ளைக் களிமண்ணை அங்கே மேடாகக் குவித்து வைத்திருப்பார்கள். தெருவுக்குப் பேரே அதனால்தான். மில்லுத் தெருவில் ஏற்கனவே கிணறுகள் இருந்தன. மண்மேட்டுத் தெருக்காரர்கள் ரயில் பாதையைத் தாண்டி வந்துதான் குடம் நிரப்பவேண்டும். ஜங்ஷன் என்பதால் எந்நேரமும் ஏதாவது ஒரு கூட்ஸ் வண்டி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் ஆதாரம் ஆகாது, எழுதியதுதான் ஆதாரம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மண்மேட்டுத் தெருவில் ஆணும் பெண்ணும் வேலைக்குப் போய்விடுவார்கள், பகலில் எல்லா வீடும் பூட்டியிருக்கும், அதனால் சாயங்காலம் ஆள் திரும்பிய பிறகு போ என்று உத்தரவு. கூடவே ஒரு விதி: 'வாசலில் நின்று இரண்டு முறை அழைக்கவும். பதில் இல்லையெனில் ஆளில்லாத வீடு எனக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் செல்லவும்.' இந்த வரியை நான் மனப்பாடம் செய்திருந்தேன். (பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் முதல் வகுப்பு வாங்கியிருக்கலாம்.)

அன்றைக்குப் பகல் முழுக்க மில்லுத் தெருவில் கேள்வி கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு சத்தம் வந்தது. பொழுது வேறு இறங்கிக்கொண்டிருந்தது. ரயில் பாதையைத் தாண்டியதும், சுற்றிப் போகாமல் களிமண் மேட்டின் மேல் ஏறிக் குறுக்கே போய்விடலாம் என்று ஒரு யோசனை. ஏறினேன். இறங்கியதை இறங்கினேன் என்று சொல்ல முடியாது. உச்சியில் கால் வழுக்கி, எழுதுகிற அட்டையை மார்போடு அணைத்தபடி, அடிவாரம் வரை உருண்டேன். எழுந்து பார்த்தால் தலைமுடி, மீசை, இமை, சட்டை, வேட்டி எல்லாம் வெள்ளை. தட்டத் தட்ட வியர்வையில் இன்னும் நன்றாக அப்பிக்கொண்டது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் நான் புதியவன் அல்லவா? பேனாவைக் காதில் செருகிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன்.

நுழைந்ததுமே என்னவோ சரியில்லை என்று பட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் எந்த ஊரிலும் தெருக்கதவைத் திறந்துதான் வைப்பார்கள். அங்கே ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. தெருவில் விளையாடும் குழந்தை இல்லை. கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டிய கிழவர் இல்லை. கூரைகளின் வழியாக அடுப்புப் புகை மட்டும் கசிந்துகொண்டிருந்தது. கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது.

முதல் வீட்டு வாசலில் நின்றேன்.

"வீட்ல யாருங்க?"

பதில் இல்லை. கதவு இடுக்கில் தெரிந்த விளக்கு வெளிச்சம் ஆடியது.

"வீட்ல யாருங்க?"

வெளிச்சம் அணைந்தது. யாரோ ஊதி அணைத்தார்கள். ஊதிய சத்தம்கூட எனக்குக் கேட்டது.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? விளக்கு தானாக ஊதிக்கொள்ளாது என்று யோசித்திருக்கவேண்டும். ஆனால் விதியில் விளக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. 'ஆளில்லாத வீடு' என்று குறித்தேன். அடுத்த வீட்டில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் கூப்பிட்டதும் அழுகை பாதியில் நின்றது. வாயைப் பொத்தினால்தான் அப்படி நிற்கும். ஆளில்லாத வீடு. அதற்கடுத்த வீட்டில் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. அதுவும் ஆளில்லாத வீடு. குழம்பு பதில் சொல்லவில்லையே!

தெருவின் பாதியில் ஒரு நாய் படுத்திருந்தது. என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. எழுந்து, வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போனது. அதைப் பார்த்த பிறகு எனக்கும் முதுகு சில்லிட ஆரம்பித்தது. ஆள் இல்லாத வீடுகளில் சமைப்பது யார், விளக்கை ஊதுவது யார் என்ற கேள்விகள் அப்போதுதான் வந்தன. வரவேண்டிய நேரத்தில் வராமல் பயந்த பிறகு வந்தன.

கடைசி வீட்டில்தான் எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டாவது முறை கூப்பிட்டுவிட்டு நின்றபோது, கதவுக்கு அந்தப்புறம், மிக அருகில், யாரோ மூச்சு விடுவது கேட்டது. பலகைக்கு இந்தப்பக்கம் என் காது, அந்தப்பக்கம் அந்த மூச்சு. ஏதோ எதிர்பார்க்கிற மூச்சு. தாழ்ப்பாளை யாரோ தொட்ட சத்தம் கேட்டதும் ஓட ஆரம்பித்தவன், ரயில் பாதையைத் தாண்டித்தான் நின்றேன். நின்ற இடத்தில் அந்த வீட்டையும் ஆளில்லாத வீடு என்று குறித்தேன். (கடமை!)

மறுநாள் வரதராஜன் சார் என் தாள்களைப் பார்த்தார். "ஒரு ஆளு கூடவா இல்ல?" என்றார்.

"இல்லீங்க சார். விதிப்படி கூப்பிட்டுப் பார்த்தேன்."

"ரெண்டு முறை?"

"ரெண்டு முறை."

"பரவாயில்லையே, முடிவு சுலபமாப் போச்சு" என்று சொல்லி அவர் முதல்முறையாகச் சிரித்தார். குழாய் மில்லுத் தெருவுக்கு என்று அறிக்கை தயாரானது. மூச்சுவிட்ட கதவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அந்த வாரத்திலேயே ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் கையெல்லாம் வெள்ளைக் களிமண் காய்ந்த இரண்டு பேர்.

"மாணிக்கம் மறுபடியும் வந்துட்டுப் போயிட்டான்யா. எங்க வூட்டு வாசல்ல நின்னான். கதவு இடுக்குல நானே பாத்தேன்."

"எப்பிடி இருந்தான்?"

"வெள்ளை வெளேர்னு. கண்ணு மட்டும் கருப்பா. கொரல் கெணத்துக்குள்ளேர்ந்து வர மாதிரி இருக்குது. ரெண்டு கொரலு குடுத்தான். உசுரோட இருக்கறப்பவும் ரெண்டு கொரலுதான குடுப்பான்!"

"நீ பதில் குடுத்தியா?"

"நானு என்ன பைத்தியமா? மூணாவது கொரலு வராம வாயத் தொறக்கலாமா? பேய்க்கு மூணு தடவ கூப்பிட வராது. நாங்க யாருமே தொறக்கல. இதுல ஒரு விசயம், இந்தத் தடவ கையில அட்டை வெச்சிருந்தான்யா. பதில் வரலேன்னதும் எதையோ எழுதிக்கிட்டான். ஒவ்வொரு வூடா எழுதிக்கினு போனான்."

"என்னா எழுதியிருப்பான்?"

"எந்த வூட்லேர்ந்து யாரக் கூட்டிக்கினு போறதுன்னுதான். வேற என்னாத்த எழுதுவான்? எம்பொஞ்சாதி மூட்டை கட்டிட்டா. கம்மாபுரத்துல அவ அண்ணன் வூட்டுக்குப் போறோம். தெருவுல பாதிப் பேரு கெளம்பிட்டாங்க."

எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, கடைக்காரரிடம் மெதுவாக விசாரித்தேன். மாணிக்கம் சூளையில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், பாதையைத் தாண்டித் தண்ணீருக்குப் போவதற்காக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று "வூட்ல யாருங்க?" என்று இரண்டு குரல் கொடுப்பாராம். கூட வருகிறவர்களோடு சேர்ந்து போவார். யாரும் வராத ஒருநாள் தனியாகப் போனார். தோளில் குடம், எதிரே ஒரு எஞ்சின் சத்தம். அதை மட்டும் கவனித்தவர், பின்னாலிருந்து சத்தமில்லாமல் நகர்ந்து வந்த வேகனைக் கவனிக்கவில்லை. அதிலிருந்து, அவர் வந்து கூப்பிடுவார் என்ற பயத்தில், இருட்டுகிற நேரத்தில் அந்தத் தெருவில் கதவு திறப்பதில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் அவர்களைப் பேய் என்று நினைத்து ஓடியிருக்கிறேன். அவர்கள் என்னைப் பேய் என்று நினைத்து விளக்கை அணைத்திருக்கிறார்கள். அதைவிட மோசம், தெருவில் ஆள் இல்லை என்று நான் எழுதிய பொய்யை மெய்யாக்க, தெருவே மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீருக்குப் போய் ஒரு மனிதர் செத்த தெருவுக்கு, தண்ணீர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயிலில், குளித்து, பளிச்சென்ற நீலச்சட்டை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு மண்மேட்டுத் தெருவுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். தெரு உடனே நம்பிவிடவில்லை. வேட்டியைத் தூக்கச் சொல்லி, கால் தரையில் பாவுகிறதா என்று குனிந்து பார்த்தார்கள். நிழல் விழுகிறதா என்று திரும்பி நிற்கச் சொன்னார்கள். கையில் ஒரு இரும்புக் கரண்டியைக் கொடுத்தார்கள். ஒரு பெண், "அந்தக் கொரல்ல கூப்பிடுங்க" என்றாள். கூப்பிட்டேன். தொண்டை சரியாகிவிட்டிருந்ததால் தேறவில்லை. பிறகு அந்த அட்டையையும் பேனாவையும் எடுத்துக் காட்டியதும், டீக்கடையில் பார்த்த ஆள், "இவன்தான்யா!" என்று கத்தினார். அதற்குப் பிறகு அவர்கள் என்னைத் திட்டியதையெல்லாம் எழுதினால் அச்சில் வராது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் மட்டும் திட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாணிக்கத்தின் மனைவி அஞ்சலை. கடைசி வீடு அவளுடையது.

"எங்க வூட்டுக் கதவுகிட்ட நின்னது நீங்கதானுங்களா?" என்றாள்.

"ஆமாங்க."

"நான் உள்ள நின்னுக்கினு இருந்தேன். எல்லாரும் பயந்தாங்க, எனக்குப் பயமில்ல. அவுருதான்னு நெனச்சேன். இன்னும் ஒரு கொரலு குடுத்தா தொறந்துடலாம்னு தாழ்ப்பாள்ல கைய வெச்சிக்கினு நின்னேன். குடுக்காம ஓடிட்டாரேன்னு ராத்திரியெல்லாம் அழுதேன்."

மன்னிச்சிடுங்கம்மா என்றேன். அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, ஏமாற்றம். உயிரோடு இருப்பதற்காக நான் வெட்கப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

திங்கட்கிழமை வரதராஜன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அறிக்கை மேலே போயிடுச்சு. பேய்னு நெனச்சாங்கன்னு நான் எப்படித் திருத்தம் எழுதறது?" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். மேலதிகாரியிடம் மன்றாடி, அவரே நேரில் வந்து பார்த்துத் தீர்மானிக்க ஒப்புக்கொள்ள வைத்தார்.

மேலதிகாரி மத்தியானம் வருவதாக ஏற்பாடு. மண்மேட்டுத் தெருவே வேலைக்குப் போகாமல், தலை சீவி, வாசலில் காத்திருந்தது. அவருடைய ஜீப் வழியில் பழுதாகி, வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நான் ஜங்ஷன் பக்கத்தில் ஏறிக்கொண்டு, "சார், அந்தத் தெருவில ஒரு வழக்கம் இருக்குது, மூணு தடவை..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தினார். "நீ ஒண்ணும் சொல்லாதே. நீ சொல்றதைக் கேட்டுட்டுப் போனா அது என் சோதனை ஆகாது, உன் சோதனை ஆயிடும். அங்க வந்தும் வாயைத் திறக்கக்கூடாது. வரதராஜன், நீங்களும்தான். டிரைவர், நீயும்." ஆதாரத்தை இவ்வளவு மதிக்கிற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவரை அப்படியே தூக்கிக் களிமண் மேட்டில் உருட்டிவிடலாம் போல இருந்தது.

தெருவுக்குள் போனோம். இருட்டத் தொடங்கியதும், காத்திருந்தவர்கள் வழக்கப்படி உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தார்கள். புகை கசிந்தது. அந்த நாய் எழுந்து நின்று எங்களைப் பார்த்தது.

மேலதிகாரி தெருவின் நடுவில் நின்று, கணீரென்று, "வீட்ல யாருங்க?" என்றார். எல்லா வீட்டு விளக்கும் இடுக்குகளில் ஆடியது. காத்திருந்தார். மறுபடி, "வீட்ல யாருங்க?"

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

இன்னும் ஒரு தடவை கூப்பிடுங்கள் சார் என்று மனசுக்குள் கெஞ்சினேன். வாயைத் திறந்துவிடலாம் என்றால், திறந்தால் சோதனை செல்லாது, குழாய் போச்சு. திறக்காவிட்டாலும் குழாய் போச்சு. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வரதராஜன் சாரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து, ரயில் பாதை இருக்கிற பக்கத்திலிருந்து, ஒரு குரல் வந்தது.

"வூட்ல யாருங்க?"

சத்தமாகக்கூட இல்லை. தினமும் கூப்பிட்டுப் பழகிய ஆள் கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமாக.

கடைசி வீட்டுக் கதவு முதலில் திறந்தது. அஞ்சலை வெளியே ஓடிவந்து தெருவில் நின்றாள். அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள், கிழவர்கள் என்று தெரு நிறைந்துவிட்டது. மேலதிகாரி அசந்துபோய் நின்றார். பிறகு தானே தலைகளை எண்ணத் தொடங்கினார். திரும்பிப் போகும்போது ஜீப்பில், "டிரைவர், உன்னை வாயைத் திறக்கவேண்டாம்னுதானே சொன்னேன்?" என்றார். டிரைவர், "நான் இல்லீங்கய்யா, சாருதான்" என்று வரதராஜன் சாரைப் பார்த்தார். வரதராஜன் சார் என்னைப் பார்த்தார். நான் பின்னால் திரும்பி ரயில் பாதையைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

என் வீட்டில் இந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, அட்டையோடு வந்து என் அறை வாசலில் நிற்கும். நான் பதில் சொல்லத் தாமதித்தால், "தாத்தா ரூம்ல ஆள் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விடும். மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவரிடம்கூட என் மனைவி, "உள்ள ஆள் இருக்குதுங்க, எழுதிடாதீங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். மூன்றாவது முறை கூப்பிட்டது நான்தான், வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கிறேன் என்பது அவர்கள் கட்சி. நான் மறுத்து மறுத்து அலுத்துவிட்டேன். ஜீப் கதையோடு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் சிரிப்புக்கிடையில் சொல்வதில்லை.

மண்மேட்டுத் தெருவுக்குக் குழாய் வந்தது. திறந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முதல் குடம் அஞ்சலைக்கு என்று தெருவே விட்டுக் கொடுத்தது. அவள் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தாள். வீட்டுக்குப் போகவில்லை. ரயில் பாதைப் பக்கமாக நடந்துபோய், சரளைக்கல் ஓரத்தில் நின்று, குடத்தைச் சாய்த்து முழுவதையும் தரையில் ஊற்றினாள்.

"குடிய்யா" என்றாள். "கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை காஞ்சி போயிருக்கும்."